இரண்டரையா மூன்றரையா

பிரிந்தபோது படகு பெர்-ஓலாவுக்கு,
கார் எனக்கு.
ஐம்பத்தொன்பதாம் வருஷத்து டிசோட்டோ,
டெட்ராய்டில் பிறந்து
லூட்விகாவில் துருப்பிடிப்பது.
வக்கீலின் பட்டியலில் கரண்டிகள்கூட இருந்தன.
எட்டு மூலைச் சாவி இல்லை.

யானை என் பக்கம், அங்குசம் அவன் பக்கம்
என்று ஏப்ரலில்தான் தெரிந்தது:
ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்குப் போகும் இடத்தில்
என்ஜின் வெறுமனே கத்தி,
யோசித்து,
பிறகு பிடித்தது.

பெட்டிக்குள் ஓர் உருளை,
உருளையைச் சுற்றி ஒரு பட்டை.
பட்டை தளர்ந்துவிட்டது, அவ்வளவுதான் நோய்.
வெளியே நீட்டியிருக்கும் சதுரத் தலைத் திருகை
இறுக்கிவிட்டு, எண்ணித் தளர்த்த வேண்டும்.
சாதாரண ஸ்பேனருக்கு அங்கே இடமில்லை.
ஒரு பக்கம் சட்டகம், மறுபக்கம் ஏதோ கம்பி,
நடுவில் என் மணிக்கட்டு
நுழையும், திரும்பாது.

அவனுக்கு ஒரு போன் போதும்.
போன் பக்கத்தில்தான் இருந்தது.

வெஸ்டரோஸ் சந்தையில் நான்கு மணி நேரம் அலைந்தேன்.
கண்ணாடி கிடைத்தது, சாம்பல் கிண்ணம் கிடைத்தது,
சாவி கிடைக்கவில்லை.
பியானோவுக்குச் சுருதி கூட்டும் குன்வோர்
தன் சாவியைக் கொண்டுவந்தாள்.
சதுரத் துளைதான். ஆனால் உள்ளே போகப் போகக் குறுகுவது.
திருகின் நுனியை மட்டும் கவ்வியது.
"மூலையை மழுக்கிவிடுவாய்" என்று
காருக்காகப் பரிந்து பேசி
திருப்பி வாங்கிக்கொண்டாள்.

திருகின் தலை, அங்குலத்தைப் பதினாறாக்கி ஐந்து பங்கு.
மில்லிமீட்டரில் ஏழு புள்ளி ஒன்பது நான்கு.
எட்டு மில்லிமீட்டர் சதுரக் கம்பி
எங்கள் ஊர் இரும்புக்கடையில்
மூலையில் சாய்ந்து கிடக்கிறது.
ஒன்றையொன்று மதிக்காத இரண்டு அளவுகள்
ஒரு தலைமுடி இடைவெளியில் உரசிப்போகும் இடம் அது.
எனக்கு அந்தத் தலைமுடி போதும்.

குழாய்த் துண்டைச் சிவக்கக் காய்ச்சி
கம்பியின்மேல் செருகி அடித்தேன்.
முதலாவது பிளந்தது.
இரண்டாவது கம்பியை விட்டு வரமாட்டேன் என்றது.
மூன்றாவதற்குக் கம்பியில் மெழுகுவர்த்திப் புகையைப் பூசினேன்.
வந்தது. அழகாக இல்லை.

இனி இறுக்கம். எழுபத்திரண்டு அங்குலப் பவுண்ட் என்கிறது புத்தகம்.
அதை அளக்கும் கருவிக்கு ஒரு வாரச் சம்பளம்.
பள்ளிச் சமையலறையில்
முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு அளப்பவள் நான்,
வகுத்துப் பார்த்தேன்.
ஓர் அடிக் கைப்பிடி, நுனியில் ஆறு பவுண்ட்.
கிலோவில் இரண்டு எழுநூறு.
படகு போனாலும் மீன் தராசு என்னிடம் தங்கியிருந்தது.
கொக்கியை மாட்டி, செங்கோணம் விலகாமல்,
கன்னத்தில் எண்ணெய் சொட்டச் சொட்ட இழுத்தேன்:
நடுத்தரமான ஒரு பைக் மீன்
துள்ளாமல் தொங்கும் வரை.

பிறகு எத்தனை சுற்றுத் தளர்த்துவது?
சரியாக அந்த இடத்தில்
எவனோ எண்ணெய் விரலை வைத்திருக்கிறான்.
அரை தெரிகிறது.
அரைக்கு முன்னால் இரண்டோ, மூன்றோ.

மூன்றரையில் பழைய கத்தல்.
இரண்டரையில் முதுகில் ஓர் உதை,
பின்சீட்டு முட்டைகளில் இரண்டு உடைந்தன.
கிரேங்கெஸ்பெரி மேட்டுக்கும் வீட்டுக்குமாக
ஐந்து முறை போய்வந்து,
ஐந்து முறையும் காருக்கடியில் படுத்து எழுந்து
சொல்கிறேன்:
புத்தகம் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும்,
என் கார் இரண்டே முக்கால்.

ஆகஸ்டில், தவறி என் வீட்டுக்கு வந்த
அவனுடைய கடிதங்களைக் கொடுக்கப் போனேன்.
கண்ணாடிக் குடிலில் தக்காளி பழுத்திருந்தது.
ஜன்னல் மூடாதபடி முட்டுக்கொடுத்திருந்தது
எட்டு மூலைச் சாவி.
துருவே இல்லை. நல்ல எஃகு.

அவன் ஒரு பை நிறையத் தக்காளி கொடுத்தான்.
"கியரெல்லாம் ஒழுங்காகப் பிடிக்கிறதா?"
பிடிக்கிறது என்றேன்.
ரிவர்ஸ் பட்டனை அழுத்தினேன்.
ஜன்னல் திறந்தே இருந்தது,
உள்ளே போய்க்கொண்டிருந்தது ஒரு தேனீ.